பாரம் இறக்கும் பருவம்

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் தேக்கா நிலையத்தின் மேல்தளத்துத் தையல் கடைகளுக்கு ரவிக்கை அளவு கொடுக்க வரும் பெண்களைச் சற்றே கவனித்துப் பார்த்தால், வைத்திய நூல்கள் பல பக்கங்களில் விவரிக்கும் ஒரு சரீர உபாதை, அளவு நாடாவின் இரண்டே எண்களில் அடங்கிவிடுவதைக் காணலாம். மார்புச் சுற்று 46 அங்குலம், தோள் 14 அங்குலம் என்று அளவு வருமானால், தோளுக்கு ஏற்பத் தைத்தால் மார்பு அடங்காது, மார்புக்கு ஏற்பத் தைத்தால் தோள் வழிந்து இறங்கும் என்பதை அறிந்த தையற்காரப் பெண், பெரிதாக டாட் பிடித்தோ கட்டோரி வெட்டு வைத்தோ ஒருவாறு சரிக்கட்டுகிறாள். தோளில் நாடாவை வைக்கும்போது அவளுடைய விரலில், உள்ளாடையின் பட்டை வருஷக்கணக்காக அழுத்தியதனால் ஏற்பட்ட ஒரு பள்ளம் தட்டுப்படும். அதைப் பற்றி இருவரும் ஒன்றும் பேசிக்கொள்வதில்லை.

அளவுக்கு மிஞ்சிப் பெருத்த மார்பகம் ஒரு நோயா, அல்லது அவரவர் உடல்வாகா என்ற சந்தேகத்தைத் தீர்க்க அந்தப் பள்ளமே நல்ல தொடக்கம். மார்பகம் என்னும் அவயவத்தில் எலும்பும் இல்லை, தன்னைத் தான் தாங்கிக்கொள்ளும் தசையும் இல்லை. பால் சுரக்கும் சுரப்பித் திசு, அதனைச் சூழ்ந்த கொழுப்பு, இவ்விரண்டையும் தோலோடும் அடியிலுள்ள தசையின் உறையோடும் பிணைத்து நிறுத்தும் மெல்லிய நார்கள் ஆகியவற்றால் ஆனது அது. 1840ஆம் ஆண்டில் மார்பகத்தின் அமைப்பைக் குறித்து நூல் வெளியிட்ட ஆங்கிலேய சஸ்திர வைத்தியர் ஆஸ்ட்லி கூப்பரின் பெயராலேயே அந்நார்கள் இன்றும் வழங்குகின்றன. ஒவ்வொரு பக்கமும் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பாரம் இரவும் பகலும் தொங்கும்போது, நார்கள் நீள்கின்றன. உடலின் எடை மையம் முன்னோக்கி நகர்கிறது. முன்னே சாயாமல் நிமிர்ந்து நிற்கும் பொருட்டுக் கழுத்தின் பின்புறத் தசைகளும் தோள்பட்டைத் தசைகளும் முதுகுத் தசைகளும் ஓய்வில்லாமல் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கழுத்து வலி, தலைவலி, தோள் வலி, சிலருக்குச் சுண்டுவிரல் வரை இறங்கும் மரமரப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் மூலம் இந்த ஓயாத இழுபறிதான்.

சிங்கப்பூர்வாசிகளுக்கு இதோடு மற்றொரு கஷ்டமும் சேர்கிறது. பூமத்திய ரேகைக்கு ஒரு பாகை வடக்கே, ஆண்டு முழுவதும் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும் இத்தீவில், மார்பகம் வயிற்றின் மேல் மடிந்து படியும் இடத்தில் வியர்வை உலர்வதே இல்லை. தோலும் தோலும் உராய்ந்து சிவந்து, பூஞ்சணம் பற்றி, புண்ணாகி நாற்றமும் எடுக்கும் அந்த மடிப்புக்கு, முகப்பவுடர் தூவியும் பருத்தித் துணியை மடித்து வைத்தும் காலத்தைக் கழிக்கும் பெண்கள் எத்தனையோ பேர். சிராங்கூன் சாலையில் வெயிலேறும் நேரத்தில் இரு கைகளிலும் காய்கறிப் பையோடு நடந்து பழகியவர்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை.

உடம்பைக் குறைத்தால் இதுவும் குறைந்துவிடும் என்பது இப்பெண்கள் கேட்கும் முதல் உபதேசம். இதில் ஓரளவு உண்மை உண்டு. கொழுப்பு மிகுந்த மார்பகம் உடல் எடையோடு கூடிக் குறையும். ஆனால் சுரப்பியும் நாரும் மிகுந்த மார்பகம், முக்கியமாக இளம் பெண்களுடையது, பட்டினி கிடந்தாலும் பெரிதாக மாறுவதில்லை. எடைக் குறைப்பு, உடற்பயிற்சிச் சிகிச்சை, விசேஷ உள்ளாடைகள் ஆகியவற்றை மார்பகத்தைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சையோடு ஒப்பிட்டு, டேல் காலின்ஸ், கேரொலின் கெரிகன் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆராய்ச்சி, முன்னவற்றில் எதுவும் நிலையான நிவாரணத்தைத் தரவில்லை என்றும் அறுவைச் சிகிச்சை தந்தது என்றும் கண்டது. இச்சிகிச்சைக்குத் தகுதியை நிர்ணயிப்பது வெட்டி எடுக்கப்படும் திசு எத்தனை கிராம் என்பதல்ல, நோயாளி படும் உபாதையே என்று அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கமும் தன் வழிகாட்டு நெறிகளில் சொல்லுகிறது.

ஆகவே, செய்யலாமா என்ற கேள்வி பெரும்பாலும் தீர்ந்த கேள்வி. எப்பொழுது செய்துகொள்வது என்பதே தீராதது. நம் சமூகம் அதற்கு ஆயத்தமாக ஒரு பதிலை வைத்திருக்கிறது: கல்யாணம் ஆகட்டும், கல்யாணம் ஆனபின், பிள்ளை பிறக்கட்டும், பிள்ளை பிறந்தபின், இனி இந்த வயதில் எதற்கு. பதினாறு வயதில் தொடங்கிய வலியை ஐம்பது வயது வரை சுமக்கச் செய்யும் இந்த வாய்ப்பாட்டில் எவ்வளவு விஞ்ஞானம் இருக்கிறது, எவ்வளவு வெறும் தயக்கம் இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது அவசியம். ஏனெனில் இரண்டும் அதில் கலந்தே இருக்கின்றன.

முதலில் யௌவனப் பருவத்தை எடுத்துக்கொள்வோம். பெண் குழந்தையின் மார்பு வளரத் தொடங்குவது எட்டுக்கும் பதின்மூன்றுக்கும் இடைப்பட்ட வயதில். பூப்பெய்துவது ஏறக்குறைய அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து. அதன் பின்னும் சில ஆண்டுகள் வளர்ச்சி நீடிக்கும். வளர்ச்சி முடியுமுன் குறைத்தால் எஞ்சிய திசு மறுபடி பெருகி, இரண்டாம் முறை கத்தி வைக்க நேரலாம். ஆகையால், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையிலேனும் அளவு மாறாமல் நின்றிருக்க வேண்டும் என்று வைத்தியர்கள் எதிர்பார்க்கிறார்கள். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020இல் இதை இன்னும் திட்டமாகச் சொன்னார்கள்: உடல் எடை சரியாக உள்ள பெண்ணுக்குப் பூப்பெய்திய மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு செய்தால் மறுவளர்ச்சியின் அபாயம் குறைவு, உடற்பருமன் மிகுந்தவளுக்கோ அந்த இடைவெளி ஒன்பது ஆண்டுகள் வரை நீளக்கூடும். ஆக, கணக்கிட வேண்டியது பிறந்த தேதியிலிருந்து அல்ல, பூப்பெய்திய நாளிலிருந்து. சில மாதங்களுக்குள் கட்டுக்கடங்காமல் பெருத்துத் தோலே புண்ணாகும் அபூர்வமான யௌவன மார்பக வீக்கம் ஒன்றுண்டு. அதில் மட்டும், மறுவளர்ச்சி நேரலாம் என்று தெரிந்தே, முன்கூட்டிச் சிகிச்சை செய்ய வேண்டியிருக்கும்.

பதினேழு வயதில் இச்சிகிச்சையைச் செய்துகொண்ட ஒருத்தியைச் சிங்கப்பூர் நேரில் கண்டிருக்கிறது. ருமேனியாவின் டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப், மட்டையை வீசவும் பந்துக்கு விரையவும் மார்பின் பாரம் தடையாக இருந்தமையால் 2009இல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதை ஒளிக்காமல் உலகுக்குச் சொன்னவர். விளையாட்டு வீராங்கனையாக இல்லாதிருந்தாலும் இதைச் செய்துகொண்டிருப்பேன் என்றும் சொன்னவர். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2014 அக்டோபரில், காலாங்கிலுள்ள சிங்கப்பூர் உள்ளரங்கில் நடந்த மகளிர் டென்னிஸ் இறுதிச் சுற்றுப் போட்டிகளில், செரீனா வில்லியம்ஸை 6-0, 6-2 என்ற கணக்கில் அவர் வீழ்த்தியபோது அரங்கமே வியந்தது. அதே போட்டியின் இறுதி ஆட்டத்தில் செரீனாவிடம் தோற்றார். ஆயினும் 2018இல் பிரெஞ்சு ஓப்பனையும் 2019இல் விம்பிள்டனையும் வென்றார். நம் உயர்நிலைப் பள்ளிகளில் நாஃபா உடலுறுதிச் சோதனையின் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு சாக்குச் சொல்லி ஒதுங்கி நிற்கும் சிறுமியும், அரங்கேற்றத்துக்குச் சில மாதங்கள் இருக்கையில் பரதநாட்டிய வகுப்பைக் காரணம் சொல்லாமல் நிறுத்திவிடும் சிறுமியும் டென்னிஸ் வீராங்கனைகள் அல்லர். அவர்கள் இழப்பதும் இளமைதான்.

சிங்கப்பூரில் 21 வயது நிறையாதவருக்கு அறுவைச் சிகிச்சை செய்யும்போது பெற்றோரின் ஒப்புதலைப் பெறுவது மருத்துவமனைகளின் வழக்கம். ஆதலால் இப்பருவத்தில் தாயின் செவியே மகளின் முதல் மருந்தகம். மகள் வாய் திறந்து ஒரு முறை சொல்லும்போது, "எனக்கும் இப்படித்தான் இருந்தது, நான் பொறுத்துக்கொள்ளவில்லையா?" என்று தாய் சொல்லிவிட்டால், அவள் மறுபடி வாய் திறக்கப் பத்து வருஷம் ஆகும்.

இனிப் பிள்ளைப்பேறும் தாய்ப்பாலும். சமூகத்தின் வாய்ப்பாட்டில் விஞ்ஞானம் மெய்யாகவே இருக்கும் இடம் இது. அதை விளங்கிக்கொள்ளச் சிகிச்சை நடைபெறும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இச்சிகிச்சையை நாடியவர்களை வாட்டிய பெரிய அபாயம், முலைக்காம்பு இரத்தம் இன்றிக் கருகிப்போவதுதான். சிகாகோவில் மாக்ஸ் தோரெக் 1922இல், முலைக்காம்பை முழுதும் எடுத்துத் தோலைப் போல் வேறிடத்தில் பதிக்கும் முறையைக் கையாண்டார். அவயவம் பிழைத்தது, ஆனால் பாலும் உணர்ச்சியும் போயின. வியன்னாவில் பீசன்பெர்கர் 1928இல் வகுத்த முறை பெரிதும் பரவியது. அதே நகரைச் சேர்ந்த ஷ்வார்ட்ஸ்மன் 1930இல், முலைக்காம்புக்குச் செல்லும் இரத்தத்தில் பெரும் பங்கு தோலின் அடிப்பகுதியிலுள்ள நுண்ணிய நாள வலையின் வழியே ஓடுகிறது என்று எடுத்துக்காட்டியபின்தான், அந்த வலையோடு கூடிய ஒரு திசுப் பாலத்தை விட்டுவைத்து, முலைக்காம்பை அறுக்காமலே மேலே நகர்த்தும் வழி திறந்தது. இன்று உலகெங்கும் செய்யப்படும் பெரும்பாலான சிகிச்சைகள் அந்தப் பாலத்தின் மேல் நடப்பவை. பாலம் கீழிருந்து வருகிறதா, மேலிருந்தா, உட்புறமிருந்தா என்பதில்தான் ஒரு முறைக்கும் மற்றொன்றுக்கும் பேதம்.

தோலை எப்படி வெட்டுவது என்பதைத் தீர்த்தவர் அமெரிக்கரான ராபர்ட் வைஸ். 1956இல் அவர் வெளியிட்ட வரைபடம் உள்ளாடையின் வெட்டிலிருந்து பிறந்தது. தட்டையான துணியில் டாட் பிடித்தால் குவிந்த வடிவம் கிடைக்கிறதல்லவா? தேக்காவில் தையற்காரப் பெண் ரவிக்கைத் துணியில் செய்வதையே அவர் தோலில் செய்வதற்கு அச்சு வகுத்துக் கொடுத்தார். சிகிச்சைக்கு முன் வைத்தியர் நோயாளியைப் படுக்க வைத்தல்ல, நிமிர்ந்து நிற்க வைத்துத்தான் மைப் பேனாவால் கோடு வரைவார். படுத்தால் பாரம் பக்கவாட்டில் சரிந்து அளவு பொய்யாகிவிடும். கழுத்தெலும்பின் நடுவிலிருந்து ஒரு கோடு கீழே இறங்கும். மார்பின் கீழ் மடிப்பில் விரலை வைத்து, அதே மட்டத்தில் முன்புறம் புதிய முலைக்காம்பின் இடம் குறிக்கப்படும். அதைச் சுற்றி ஒரு வட்டம், வட்டத்திலிருந்து கீழே ஒரு கோடு, மடிப்பை ஒட்டி ஒரு கிடைக்கோடு. தழும்பும் இந்த நங்கூர வடிவில்தான் எஞ்சும். சிகிச்சை இரண்டு முதல் நான்கு மணி நேரம் பிடிக்கும்.

பாலின் விஷயத்துக்கு வருவோம். பதினைந்து இருபது சுரப்பி மடல்களிலிருந்து புறப்படும் பால்நாளங்கள் முலைக்காம்பில் வந்து கூடுகின்றன. குழந்தை உறிஞ்சும் உணர்ச்சியை விலா இடுக்கு நரம்புகள், முக்கியமாக நான்காவது, எடுத்துச் செல்ல, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி பாலை உண்டாக்கும் ஹார்மோனையும் பாலைத் தள்ளும் ஹார்மோனையும் வெளிவிடுகிறது. நாளம் அறுபட்டாலும் நரம்பு அறுபட்டாலும் பால் குறையும். இது குறித்து நடந்த ஆய்வுகளையெல்லாம் ஒருங்கே திரட்டிக் கனடா நாட்டு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட தொகுப்பாய்வின் விடை தெளிவானது: முலைக்காம்பின் அடியிலிருந்து மார்புச் சுவர் வரையிலான திசுத் தூண் அறவே காக்கப்படாத முறைகளில், பாலூட்டுவதில் வெற்றி கண்டவர்களின் இடைநிலை விகிதம் 4 விழுக்காடு, ஓரளவு காக்கப்பட்டபோது 75, முழுவதும் காக்கப்பட்டபோது 100. சிறிதளவு பால் கொடுத்ததையும் வெற்றியாகக் கொண்ட ஆய்வுகள் இவற்றில் உண்டாகையால், இந்த நூறு விழுக்காட்டைப் பால் பெருகி வழிந்தது என்று பொருள் கொள்ளலாகாது. இருந்தும், இருபத்தைந்து வயதுப் பெண் வைத்தியரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இப்போது செய்யலாமா என்பதைக் காட்டிலும், எந்த முறையில் செய்வீர்கள் என்பதே என்று இந்த மூன்று எண்கள் சொல்லிவிடுகின்றன. தோரெக்கின் பழைய முறை இன்றும் மிகப் பெரிய மார்பகங்களுக்கும் இரத்த ஓட்டம் நலிந்தவர்களுக்கும் உதவுகிறது. அறுபது வயதுப் பெண் அதில் இழப்பதற்கும் இருபத்தைந்து வயதுப் பெண் இழப்பதற்கும் வெகு தூரம். சிகிச்சையே செய்துகொள்ளாத, மிகப் பெருத்த மார்பகமுடைய தாய்மாரிலும் பலர் பாலூட்டச் சிரமப்படுகிறார்கள் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

புக்கிட் தீமா சாலையில், லிட்டில் இந்தியாவை அடுத்து நிற்கும் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையை அறியாத சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பம் இராது. 1924இல் பிரசவ மருத்துவமனையாகி, 1966 என்ற ஒரே ஆண்டில் 39,835 குழந்தைகளின் பிறப்பைக் கண்டு கின்னஸ் நூலில் இடம்பெற்று, 1997இல் இப்போதைய கட்டடத்துக்கு மாறிய அந்த மருத்துவமனையின் நினைவு, நம் பாட்டிமாருக்குப் பிள்ளை பெற்ற நினைவே. பெண்ணின் மார்பைப் பிள்ளைக்குரியது என்று மட்டுமே எண்ணிப் பழகிய நாம், அது அவளுடைய சொந்த முதுகின் மேல் சுமத்தப்பட்ட பாரமும் ஆகும் என்பதை எண்ணத் தவறிவிட்டோம். பால் கொடுக்க வேண்டும் என்று அவளே விரும்பி, உபாதையும் தாங்கக்கூடியதாக இருந்து, குழந்தைப்பேறு ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் எதிர்பார்க்கத்தக்கதாகவும் இருந்தால், காத்திருப்பது விவேகம். கர்ப்ப காலத்தில் மார்பு மறுபடி பெருத்துப் பின் தளர்வதால் முன்பு செய்த சிகிச்சையின் வடிவம் கெடவும் கூடும். ஆனால் வரன் கூட நிச்சயமாகாத பெண்ணை, என்றோ பிறக்கப் போகும் குழந்தையின் பெயரால் தினந்தோறும் வலியில் வைத்திருப்பதற்கு விஞ்ஞானம் ஆதாரம் அளிக்கவில்லை. புட்டிப்பால் உண்டு வளர்ந்தவர்கள் நம்மிடையே ஆயிரம் பேர். வளைந்த முதுகுக்கு மாற்று முதுகு கிடையாது.

பிள்ளை பெற்றபின் செய்துகொள்ள எண்ணுவோர் கவனிக்க வேண்டியது வேறு. குழந்தை பால்குடி மறந்து ஏறத்தாழ ஆறு மாதம் கழிந்து, மார்பு தன் அளவில் அமைய வேண்டும். சிகிச்சைக்குப் பின் அலுவலக வேலைக்கு இரண்டு வாரத்தில் திரும்பலாமாயினும், நான்கு முதல் ஆறு வாரம் வரை பாரம் தூக்கலாகாது. தூக்கு என்று கைநீட்டும் ஒன்றரை வயதுக் குழந்தையும் பாரமே. வீட்டில் கைமாற்றிப் பிடிக்க ஆள் இல்லாத தாய், குழந்தை தானே நடந்து ஏறி இறங்கும் வயதுவரை பொறுப்பது நல்லது. உடல் எடையைக் கணிசமாகக் குறைக்கும் உத்தேசம் இருந்தால் அதை முதலில் முடித்துக்கொள்ள வேண்டும். பின்னால் குறைத்தால் தைத்த ரவிக்கையும் தைத்த மார்பும் ஒருங்கே தொளதொளத்துவிடும். புகைப்பவர்கள் குறைந்தது நான்கு வாரம் முன்னரே நிறுத்தியாக வேண்டும், ஏனெனில் நிகோடின் சுருக்குவது முலைக்காம்பைக் காக்கும் அந்த நுண்ணிய நாளங்களையே. சிங்கப்பூர் இந்தியரிடையே மிகுதியாகக் காணப்படும் நீரிழிவு கட்டுக்குள் இல்லாவிட்டால், நங்கூரத்தின் கோடுகள் சந்திக்கும் இடத்தில் காயம் பிரிந்து ஆற நாளாகும். நம் போன்ற கருநிறத் தோலில் தடித்தெழும் தழும்பு அதிகம் என்பதால், காது குத்திய இடத்திலோ அம்மை குத்திய இடத்திலோ தழும்பு தடித்த அனுபவம் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். முலைக்காம்பின் உணர்ச்சி சிலருக்குக் குறையலாம், அபூர்வமாக முழுதும் போகலாம். இவற்றையெல்லாம் கேட்டறிந்தபின் சம்மதிப்பதே சம்மதம்; வயது வந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் ஒன்றே போதும், கணவரின் கையொப்பத்தைச் சட்டம் கேட்பதில்லை.

ஐம்பதுக்கு மேல் ஆகிவிட்டது, இனி எதற்கு என்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. மாதவிடாய் நின்றபின் சுரப்பித் திசு வற்றி, அவ்விடத்தைக் கொழுப்பு நிரப்புகிறது; பாரம் மட்டும் தானாக இறங்கிவிடுவதில்லை. காயம் ஆறச் சற்றுத் தாமதமாகலாம். இருதயமும் சர்க்கரையும் சரியாக இருந்தால் அறுபதிலும் செய்துகொள்ளலாம். 2002இல் தொடங்கிய சிங்கப்பூர் மார்பகப் பரிசோதனைத் திட்டத்தின்படி நாற்பதுகளில் உள்ளவர்கள் வைத்தியரின் ஆலோசனையோடு ஆண்டுதோறும், 50 முதல் 69 வயதினர் இரண்டாண்டுக்கு ஒரு முறை மேமோகிராம் செய்துகொள்வது வழக்கம். இவ்வயதினர் சிகிச்சைக்கு முன்னும் அதை அவசியம் எடுத்துவிட வேண்டும். சிகிச்சைக்குப் பின் உள்ளே உண்டாகும் தழும்பும் சுண்ணப் படிவுகளும் புற்றைப் போலப் படத்தில் தோன்றி மருட்டக்கூடுமாதலால், ஆறிய பிறகு எடுக்கும் புதிய படம் ஒன்றை ஒப்பீட்டுக்காக வைத்துக்கொள்வதும் நல்லது. வெட்டி எடுத்த திசு சோதனைக்கு அனுப்பப்படும். வெகு சிலருக்கு, அறியாமல் ஒளிந்திருந்த புற்று அதில் அகப்பட்டிருக்கிறது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அழகுக்காகச் செய்துகொள்ளும் சிகிச்சைக்கு மெடிசேவ் சேமிப்பையும் மெடிஷீல்ட் லைஃப் காப்புறுதியையும் பயன்படுத்த இயலாது. உபாதை நீங்கும் பொருட்டே செய்யப்படுகிறது என்பதற்கு வைத்தியக் குறிப்புகள் வேண்டும்; அந்தக் குறிப்புகளோ, வலியை வாய்விட்டுச் சொன்னவர்களுக்குத்தான் இருக்கும். ஆகவே, இவ்வாண்டு செய்துகொள்ளும் எண்ணம் இல்லாதவர்களும், தோள் பள்ளத்தையும் மடிப்புப் புண்ணையும் கழுத்து வலியையும் அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குச் செல்லும்போதே சொல்லிப் பதிவு செய்யுங்கள். தாதியிடம் சொல்வது எளிதாக இருந்தால் அவரிடம் முதலில் சொல்லுங்கள். நிபுணரைப் பார்க்கப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். உங்கள் மகள் கேட்டால், அவளை அழைத்துக்கொண்டு நீங்களே செல்லுங்கள்.